விந்தின் தரம் வன்னிக்கு வந்து சேர்ந்த பின்னரும் அளக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அக்கராயனில் எனது வீட்டிலிருந்து இரண்டு காணி தள்ளி வசிக்கும் தாய் ஒருவர், கணவரை இழந்த பின்னர், ஒரு ஜேர்சிக் கலப்புப் பசுவின் பாலை நம்பியே தன் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்து வந்தார். மூன்றாவது கன்று ஈன்ற பின்னர் அந்தப் பசுவுக்கு அடுத்தடுத்து நான்கு முறை செயற்கை முறையில் சினைப்படுத்தியும் சினை பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று கிழமை கழித்து, சினை நிற்காததற்கு அடையாளமாக, அது திரும்பவும் வேட்கை கண்டு கத்தியது. பால் வற்றிப்போன மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் வாங்கிப் போடக் கையில் காசில்லாமல், மலட்டு மாடு என்று ஊர் சொன்னதையும் கேட்டு, கடந்த தை மாதம் அதனை அரை விலைக்கு வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவிட்டார். வியாபாரி அதை வெட்டுக்கு அனுப்பாமல் முழங்காவில் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தார். அங்கே பட்டியின் காளையான நாம்பனோடு மேய்ந்த அந்தப் பசு ஒரே முறையில் சினைப்பட்டு, இப்பொழுது ஐந்து மாதச் சினையாக நிற்கின்றது.

நான்கு முறையும் சினை தவறியதற்கு விந்துதான் காரணம் என்று இந்த ஒரு மாட்டை மாத்திரம் வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வேட்கை கண்ட நேரம் பிந்தியிருக்கலாம், கன்று ஈன்ற பின்னர் கருப்பையில் சிறு அழற்சி இருந்து தானாக ஆறியிருக்கலாம், தீனியில் குறைவு இருந்திருக்கலாம். என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது வேறொன்று. அந்த மாதங்களில் மாட்டைக் குறை சொன்னார்கள், ஊசி போட்டவரைக் குறை சொன்னார்கள், வீட்டுக்காரியின் கிரக பலனைக்கூடக் குறை சொன்னார்கள். பசுவினுள் செலுத்தப்பட்ட விந்து அந்த வேளையில் உயிரோடு இருந்ததா என்று மாத்திரம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் அந்த இடத்தில் இருந்திருக்க மாட்டார்.

உறைந்த விந்தைக் காக்கும் திரவ நைதரசன் கொள்கலனை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு மல்லாவி, துணுக்காய், மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று பல ஆண்டுகள் அலைந்து மாடுகளைச் செயற்கை முறையில் சினைப்படுத்தும் தொழிலைச் செய்து ஓய்வு பெற்றவன் நான். இன்று ஆறு பசுக்கள் வைத்திருக்கின்றேன். ஆகவே கொள்கலனைச் சுமந்தவனாகவும், கொள்கலன் வரும் வரை படலையடியில் காத்து நிற்பவனாகவும் இதனை எழுதுகின்றேன்.

முதலில் நாம்பனிடமிருந்து தொடங்க வேண்டும். நாம்பனின் விதையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 60 நாட்கள் செல்கின்றன. அதன் பின்னர் விதையோடு ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நீண்ட குழாயினூடாகச் சென்று முதிர்ச்சியடைய மேலும் 8 முதல் 14 நாட்கள் வேண்டும். அதாவது ஆவணி நடுப்பகுதியில் எடுக்கப்படும் விந்து, ஆனி மாதத்திலேயே உருவாகத் தொடங்கிவிட்ட விந்தாகும். விதைகள் உடலுக்கு வெளியே பையில் தொங்குவதற்குக் காரணமே அவை உடல் வெப்பத்தை விட 2 முதல் 6 பாகை செல்சியஸ் வரை குறைந்த வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். ஒரு சில நாள் கடும் வெயிலோ, ஓர் இரண்டு நாள் காய்ச்சலோ அந்த வேறுபாட்டைக் குலைத்தால், வளர்ந்துகொண்டிருந்த விந்தணுக்களின் தலையும் வாலும் கோணலாகிப் போகின்றன. ஆனால் அன்றைக்கு எடுத்த விந்தைப் பார்த்தால் அது நன்றாகவே இருக்கும், ஏனெனில் அது முன்னரே உருவாகி முடிந்தது. பழுது ஒன்று இரண்டு கிழமைகள் கழித்தே தெரியத் தொடங்கி, விந்து பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு மாதங்கள் எடுக்கும். அந்த இரண்டு மாதமும் நாம்பன் நன்றாக மேயும், நன்றாக ஏறும், பார்வைக்கு ஒரு குறையும் இராது.

இதனால்தான் விந்து எடுக்கும் நாம்பனின் கொட்டிலில் ஒரு வெப்பமானியும் ஒரு பதிவேடும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகின்றேன். எந்த நாள் எத்தனை பாகை வெயில் எறித்தது, எந்த நாம்பனுக்கு எந்த நாளில் காய்ச்சல் வந்தது என்று எழுதி வைத்தால், அதற்குப் பின்வரும் எட்டு ஒன்பது கிழமைகளில் எடுக்கப்படும் விந்தை இரட்டிப்புக் கவனத்தோடு பரிசோதித்து, தேறாததைத் துணிந்து ஊற்றிவிடலாம். குண்டசாலை போன்ற, விந்து எடுக்கும் மலைநாட்டு நிலையத்தில் வெயிலின் கொடுமை குறைவாக இருக்கலாம். உலர் வலயத்தில் நாம்பன் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சியில் நண்பகலில் வெறும் தகரக் கூரையின் கீழ் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உயர்த்திக் கட்டிய கூரை, தகரத்தின் மேல் வேய்ந்த கிடுகு, கொட்டிலைச் சுற்றி நிழல் மரம், குறைவில்லாத குடிநீர், வெயில் ஏறுமுன் காலையிலும் வெயில் சாய்ந்த பின் மாலையிலும் தீனி ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. சாகிவால் போன்ற இந்திய இன நாம்பன்கள் பிரீசியனை விட வெயிலைத் தாங்கும் என்பது உண்மைதான். அவற்றுக்கும் நிழல் வேண்டும்.

நாம்பனின் தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது ஊர்களில் கொழுத்த நாம்பனே நல்ல நாம்பன் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. அளவுக்கு மிஞ்சிக் கொழுத்த நாம்பனின் விதைப்பையின் கழுத்தில் கொழுப்புப் படிந்து, சூடான குருதி குளிர்ந்து உள்ளே செல்ல வேண்டிய இடத்திலேயே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. மறுபக்கத்தில், ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை பசும்புல் கண்ணிற் படாமல் வைக்கோலை மாத்திரம் தின்னும் நாம்பனுக்கு விற்றமின் ஏ குறைந்து விந்து கெடுகின்றது. நாகம் (துத்தநாகம்), செலனியம் ஆகிய தாதுக்களும் அவ்வாறே முக்கியமானவை, ஆகவே தாது உப்புக் கட்டி நாம்பனின் கொட்டிலில் எப்பொழுதும் தொங்க வேண்டும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை நாம்பனுக்கு வைக்காமல் விடுவதே நல்லது, அதிலுள்ள கொசிப்போல் என்ற பொருள் விந்தணுவுக்கு நஞ்சு.

நாம்பனைத் தெரிவு செய்யும்போது கொம்பையும் திமிலையும் பார்ப்பதற்கு முன்னர் ஒரு அளவுநாடாவை எடுத்து விதைப்பையின் சுற்றளவை அளக்க வேண்டும். கால்நடை இனப்பெருக்க மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் வகுத்த அளவுகோலின்படி, இரண்டு வயது கடந்த நாம்பனுக்கு அது குறைந்தது 34 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும்; விந்தணுக்களில் 30 வீதமாவது முன்னோக்கி நீந்த வேண்டும்; 70 வீதமாவது கோணலற்ற வடிவில் இருக்க வேண்டும். அந்த அளவுகள் பெரும்பாலும் மேலைநாட்டு இனங்களை வைத்து வகுக்கப்பட்டவை என்பதால் எமது நாட்டு நாம்பனுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், அளந்து பார்க்கும் பழக்கம் எங்களுக்கும் வேண்டும். நாடாவுக்கு நூறு இருநூறு ரூபாய் போதும்.

விந்து எடுக்கும் காலை வேளை பற்றி வெளியார் அதிகம் அறிய மாட்டார்கள். கொட்டிலிலிருந்து அவிழ்த்த நாம்பனை நேரே ஏறவிட்டு விந்து எடுத்தால் அளவும் குறையும், செறிவும் குறையும். ஒன்றிரண்டு முறை ஏறவிட்டு, விந்து வெளிப்படுமுன் இறக்கிவிட்டு, சற்று நேரம் நிறுத்திவைத்துப் பின்னர் எடுத்தால் அதே நாம்பனிடமிருந்து கூடுதலான விந்தணுக்கள் கிடைக்கும். விந்தை ஏந்திப் பிடிக்கும் குழாயான செயற்கை யோனியினுள் நிரப்பும் நீர் 42 முதல் 45 பாகைக்குள் இருக்க வேண்டும். நாம்பனின் உறைத்தோலைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, கழுவி, துடைத்து, உலரவிட வேண்டும், ஏனெனில் அங்கிருந்து விழும் ஒரு துளி அழுக்கில் வரும் கிருமியை எந்த மருந்தாலும் முழுதாக அழிக்க முடியாது. கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவசரப்படும் இடத்தில் இவை ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன.

இந்த அவசரத்தின் விலை எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். நல்ல நாம்பன் ஒரு முறையில் 6 மில்லிலீற்றர் விந்து தருவதாகவும், ஒரு மில்லிலீற்றரில் 1,000 மில்லியன் விந்தணுக்கள் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், மொத்தம் 6,000 மில்லியன். ஒரு பசுவுக்கு ஒரு முறை செலுத்தும் விந்தை அடைக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் குழாயில் 20 மில்லியன் என்று நிரப்பினால் 300 குழாய்கள் வரும். பட்டி நாம்பன் ஒன்று கெட்டால் அந்தப் பட்டிதான் நட்டப்படும். நிலையத்தில் ஒரு காலையில் தேறாத விந்து ஒன்று தேறியதாக எழுதப்பட்டால் 300 வீட்டுப் பசுக்கள் மூன்று கிழமை கழித்துத் திரும்பக் கத்தும், அந்த 300 வீட்டாரும் தங்கள் தங்கள் மாட்டையே நொந்துகொள்வார்கள்.

விந்தை உறையவைத்துக் காப்பதற்கான வழி 1949 இல் இலண்டன் மில் ஹில் ஆய்வுகூடத்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் அவருடைய தோழர்களும் சேவலின் விந்தை வைத்து ஆய்வு செய்தபோது, சீட்டு மாறியிருந்த ஒரு போத்தலிலிருந்த கிளிசரோலினால் தற்செயலாகக் கிடைத்தது. இன்றும் முட்டை மஞ்சட்கருவும் கிளிசரோலும் கலந்த கரைசலிலேயே பெரும்பாலும் விந்து உறையவைக்கப்படுகின்றது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் உறைந்து உருகும்போது ஏறத்தாழப் பாதி விந்தணுக்கள் இறந்துவிடும். இந்தியாவின் தேசிய அளவுகோல், ஒரு குழாயில் குறைந்தது 20 மில்லியன் விந்தணுக்கள் இருக்க வேண்டும் என்றும், உருக்கிய பின்னர் அவற்றில் 50 வீதமாவது நீந்த வேண்டும் என்றும் விதித்திருக்கின்றது. அங்கே விந்து எடுக்கப்படும் நாம்பன்கள் காசநோய், புருசெல்லோசிஸ் முதலிய நோய்களுக்கும், நாம்பனிலிருந்து பசுவுக்குத் தொற்றும் பாலியல் நோய்களுக்கும் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட வேண்டும். ஆக, நிலையத்திலிருந்து புறப்படும்போது ஒரு குழாயில் உயிருள்ளவை 10 மில்லியன் என்று கொள்ளலாம். நான் வாதாட விரும்புவது அந்தப் 10 மில்லியனுக்கு அதன் பிறகு என்ன நடக்கின்றது என்பதைப் பற்றியே.

குழாய் திரவ நைதரசனில் மூழ்கியிருக்கும் வரை வெப்பநிலை மறை 196 பாகை. அங்கே அது ஆண்டுக்கணக்காகக் கிடந்தாலும் கெடாது. ஆனால் நைதரசன் மூடியிருந்தாலும் நாளும் பொழுதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், கொள்கலன் வயதானால் இன்னும் வேகமாக. மட்டம் குறைந்துவிட்ட கொள்கலனில் குழாய்கள் வெறும் ஆவியில் நிற்கும். மூடியைத் திறந்து, குழாய்கள் அடுக்கிய கூடையைக் கொள்கலனின் வாய் வரை உயர்த்தினால் அங்கே வெப்பநிலை மிகவும் கூடுதலாக இருக்கும். கால் மில்லிலீற்றர் கொள்ளும் அந்த மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் சில செக்கன்களிலேயே சூட்டை வாங்கிவிடும். உள்ளே இருக்கும் பனிக்கட்டித் துகள்கள் சற்றே இளகி, திரும்ப நைதரசனில் இறக்கியதும் முன்னிலும் பெரிதாகக் கூர்மையடைந்து விந்தணுவின் தோலைக் கிழிக்கும். அந்தப் பழுது திரும்பக் குளிர வைத்தாலும் ஆறாது, ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்க்கக் குழாயின் நிறமும் மாறாது, எழுத்தும் அழியாது.

நான் செய்த பிழை ஒன்றை இங்கே எழுத வேண்டும். பணியிற் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ஒரு மரநிழலில் கொள்கலனை இறக்கி, வீட்டுக்காரர் கேட்ட இலக்கமுள்ள நாம்பனின் குழாயைத் தேடினேன். எந்தக் கூடையில் எந்த நாம்பன் இருக்கின்றது என்று நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு கூடையாக வாய்க்கு மேலே உயர்த்தி, குழாய்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வாசித்து, வைத்து, எடுத்து, பத்து நிமிடத்துக்கு மேல் அவ்வாறு செய்தேன். அன்றும் அடுத்த இரண்டு கிழமைகளும் அந்தக் கொள்கலனிலிருந்து சினைப்படுத்திய பசுக்களில் பெரும்பாலானவை திரும்பக் கத்தின. அவற்றுள் ஒரு பசு ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டுப் பசு. நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வீட்டாருக்கு நான் சொன்ன காரணம், மாட்டுக்குத் தாது உப்புப் போதாது என்பது. இவ்வளவு காலம் கழித்தும் அது என் நெஞ்சை உறுத்துகின்றது.

அதற்குப் பின்னர் கொள்கலனின் மூடியில் ஒரு மட்டையைக் கட்டி, எந்தக் கூடையில் எந்த நாம்பன், எத்தனை குழாய் மீதம் என்று ஒவ்வொரு மாலையும் எழுதத் தொடங்கினேன். கூடையைக் கழுத்துக்குக் கீழேயே நிறுத்தி, இடுக்கியால் ஒரே பிடியில் எடுத்து, ஐந்தாறு செக்கனுக்குள் முடியாவிட்டால் கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கித் திரும்பத் தொடங்க வேண்டும் என்று என் பின்னால் வந்த இளையவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நைதரசன் மட்டத்தைக் கிழமைக்கு ஒரு தடவையாவது கோலால் அளக்க வேண்டும். குழாயை உருக்குவதற்கு 35 முதல் 37 பாகை வரையான நீரும், ஏறத்தாழ 40 செக்கனும் வேண்டும், அதற்கு ஒரு சுடுநீர்ப் போத்தலும் வெப்பமானியும் போதும். சட்டைப் பைக்குள்ளோ அக்குளுக்குள்ளோ வைத்து உருக்குவதை நான் கண்டிருக்கின்றேன். அது எந்த நிலையத்து விந்தையும் பாழாக்கும். உருக்கிய குழாயில் ஒட்டியிருக்கும் நீரைத் துடைத்து உலர்த்தாமல் வெட்டினால் அந்த நீர்த்துளியும் விந்தணுவைக் கொல்லும். வெட்டிய பின்னர் கால் மணித்தியாலத்துக்குள் கருப்பைக் கழுத்தைக் கடந்தவுடனுள்ள இடத்தில் அதைச் செலுத்திவிட வேண்டும்.

மாடு வளர்ப்போரின் பங்கையும் நான் மறைக்கவில்லை. காலையில் வேட்கை கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். பற்றைக்குள் மேயவிட்ட மாட்டில் வேட்கையைக் காண்பதே கடினம், அதிலும் நாட்டு மாட்டுக்கும் அதன் கலப்புக்கும் வேட்கை குறுகியது, பல வேளைகளில் இரவில் வந்து விடியுமுன் அடங்கிவிடும். பட்டி அடைத்த பின்னரும் விடியற்புறத்திலும் அரை மணி நேரம் நின்று பார்ப்பவருக்கே அது தெரியும். அதே போல, தரம் என்பது உயிருள்ள விந்தணுவின் எண்ணிக்கை மாத்திரமாகிவிடவும் கூடாது. சிறிய நாட்டுப் பசுவுக்கும் முதற்சினை நாகுக்கும் பெரிய பிரீசியன் நாம்பனின் விந்தைச் செலுத்திவிட்டு, கன்று இடுப்பில் சிக்கித் தாய் துடிப்பதைப் பார்த்தவன் நான். ஜேர்சி, சாகிவால், அவற்றின் கலப்பு என்று எமது வெயிலுக்கும் எமது தீனிக்கும் பொருந்துவதை வீட்டாரோடு பேசித் தெரிவு செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றையும் எழுதிய பின்னர் எனது கோரிக்கைக்கு வருகின்றேன். உறைவிந்து புறப்படும் நிலையத்தில் பரிசோதிக்கப்படுவது போல, வன்னிக்கு வந்து சேர்ந்த பின்னரும், அதுவும் களத்துக் கொள்கலன்களிலிருந்து எடுத்தும், பரிசோதிக்கப்பட வேண்டும். ஒரு நாம்பனிடம் ஒரே நாளில் எடுத்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இரண்டு மூன்று குழாய்களை உருக்கி, 37 பாகையில் சூடாக்கிய தட்டுள்ள நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், எத்தனை வீதம் நீந்துகின்றன என்பது ஒரு பயிற்சி பெற்றவருக்குச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கணினியோடு கூடிய விலையுயர்ந்த கருவிகள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. அங்கே பயிலும் பிள்ளைகள் இதைத் தங்கள் ஆய்வுப் பயிற்சியாக எடுத்து, மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தோடு சேர்ந்து மாதந்தோறும் செய்தால், பீடத்துக்கும் பயன், எமக்கும் பயன். நாம்பனின் இலக்கம், தொகுதித் திகதி, நீந்தும் வீதம் ஆகிய மூன்றும் கால்நடை வைத்திய அலுவலகங்களின் அறிவித்தற் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். 50 வீதத்துக்குக் கீழே வந்த தொகுதி மீளப் பெறப்பட வேண்டும். ஒரே தொகுதி ஒரு கொள்கலனில் நன்றாகவும் இன்னொரு கொள்கலனில் கெட்டும் இருந்தால், பிழை நாம்பனிலா வழியிலா என்பது எவரையும் ஏசாமலே தெரிந்துவிடும். களப் பணியாளரைத் தண்டிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. நைதரசன் பிந்தி வந்ததால் கொள்கலன் வற்றியதற்கு, அந்தக் கொள்கலனைச் சுமந்தவரைக் குற்றவாளியாக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவும்தான் கேட்கின்றேன்.

மாடு வளர்ப்போரும் இன்றே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. விந்துக் குழாயின் மேல் நாம்பனின் இலக்கம், இனம், எடுத்த திகதி ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். சினைப்படுத்தி முடிந்ததும் அந்த வெறுங் குழாய் குப்பைக்குப் போகின்றது. அதைக் கேட்டு வாங்கி, கழுவி உலர்த்தி, ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் திகதியையும் வேட்கை கண்ட நேரத்தையும் எழுதுங்கள். 21 ஆம் நாள் திரும்பக் கத்தியதா, மூன்றாம் மாதம் பார்த்தபோது சினை நின்றதா என்று அதன் கீழே குறியுங்கள். ஒரு வீட்டுக் கொப்பி தனியாக ஒன்றையும் நிறுவாது. நல்ல மாடு, நல்ல விந்து, சரியான நேரம் மூன்றும் கூடினாலும் 100 பசுக்களில் 50 முதல் 60 வரை முதல் முறையில் சினை பிடித்தால் அது நல்ல பெறுபேறுதான். பாதிக்குப் பாதி என்று வைத்தால், குறையேதும் இல்லாமலே 16 பசுக்களில் ஒன்று நான்கு முறையும் தவறக்கூடும். ஆனால் ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பால் ஊற்றும் அனைவரின் கொப்பிகளையும் கூட்டுறவுச் சங்கம் ஆண்டுக்கு இரண்டு தடவை ஒன்றாக வைத்து, நாம்பன் இலக்கப்படியும் தொகுதிப்படியும் பிரித்துக் கூட்டினால், 100 பசுக்களில் 20 மாத்திரம் சினைப்பட்ட தொகுதி தானாகவே தலைகாட்டும். அந்தத் தாளோடு திணைக்களத்தின் வாசலில் நிற்கும் சங்கத்தாரை எவரும் வெறுங்கையோடு திருப்பி அனுப்ப முடியாது.

பட்டி நாம்பன்களையும் மறந்துவிட வேண்டாம். வன்னியின் பெரும்பாலான கன்றுகள் இன்னமும் பட்டி நாம்பனுக்கே பிறக்கின்றன, அந்த நாம்பன்களின் விதையை அளக்கவோ விந்தைப் பார்க்கவோ எவரும் வருவதில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை, மாரி தொடங்குமுன், தடுப்பூசி போட வரும் நாளிலேயே அதையும் செய்துவிடலாம்.

நான் முதலில் சொன்ன அந்தத் தாய், மாடு விற்ற காசோடு கொஞ்சம் கடனும் பட்டு ஒரு நாகு வாங்கிக் கட்டியிருக்கின்றார். மார்கழி அளவில் அது முதல் வேட்கைக்கு வரும் போலிருக்கின்றது. அவரின் மூத்த மகள் ஒரு புதிய கொப்பிக்கு உறை போட்டு, முதற் பக்கத்தில் நாகின் பெயரையும் பிறந்த மாதத்தையும் எழுதி வைத்திருக்கின்றாள். அதில் ஒட்டப்போகும் முதற் குழாய் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, அது வன்னிக்கு வந்து சேர்ந்தபோது எத்தனை வீதம் உயிரோடு இருந்தது என்பதையும் அந்தப் பிள்ளை மார்கழியில் அதே பக்கத்தில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும் என்று உரியவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடைத்துறைக் களப் பணியாளர்,
அக்கராயன், கிளிநொச்சி.